கார்த்திகையில் அளந்த கிணறு

போன வாரம் ஓசூரில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கரண்ட் போனது. கடைக்காரர் வெளியே வந்து ஜெனரேட்டரைக் கிளப்பினார். கறுப்பாக ஒரு புகை எழுந்து கடைக்குள் போயிற்று. எனக்கு முன்னால் நின்ற பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மருந்துச் சீட்டை நீட்டினாள். நான் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன். பிறகு மருந்து வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். என்ன ஆச்சு என்று மகள் கேட்டாள். புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பாதிதான். பாதியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் இந்தப் பழக்கம் நீ போன பிறகு எனக்கு வந்தது. அதனால் உனக்கு அது தெரியாது.

நாம் இருவரும் ஆயில் எஞ்சின் விற்றவர்கள். கிருஷ்ணகிரியில் ஒரே தெருவில் எதிரெதிர்க் கடைகள். ஒன்றில் நீ, மற்றதில் நான். தங்கியது மட்டும் ஒரே அறையில், அரிசி மில்லுக்குப் பின்னால். காலையில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். கிராமத்தில் இறங்கியதும் போட்டிக்காரர்கள் ஆகிவிடுவோம். ஐம்பதுகளின் நடுவில் இந்தப் பக்கத்து வறண்ட ஊர்களில் எல்லாரும் மாடு பூட்டி, தோல் பையில் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுக்கும் கவலை இறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கேயாவது எஞ்சின் சத்தம் கேட்டால் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்த நேரத்தில் வாய் இருந்தால் போதும், விற்றுவிடலாம். எனக்கு வாய் இருந்தது.

உன்னிடம் ஒரு கயிறு இருந்தது. அடிக்கு ஒரு முடிச்சு. நுனியில் ஒரு ஈயக் குண்டு. இருபதாவது முடிச்சில் ஒரு சிவப்புத் துணி. மேலே வைத்த எஞ்சின் அந்தத் துணிக்குக் கீழே போய்விட்ட தண்ணீரை இழுக்காது என்பதற்கு அது அடையாளம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எல்லாக் கிணறும் நிறைந்திருக்கும். அப்போது நீ போவாய், மண்ணைப் பார்ப்பாய், பேசுவாய், மோர் குடிப்பாய். ஆர்டர் மட்டும் எடுக்கமாட்டாய். சித்திரையில் மறுபடி போவாய். விடியலிலிருந்து மாடு பூட்டிக் கிணற்றை வற்ற இறைக்கச் சொல்வாய். பிறகு கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் எத்தனை முடிச்சு ஊறுகிறது என்று பார்ப்பாய். அதற்கப்புறம்தான் எத்தனை குதிரைசக்தி எஞ்சின் வேண்டும் என்று சொல்வாய். சில இடங்களில் வேண்டாம் என்று சொல்வாய்.

ஜவளகிரியில் ஒருவர் உன்னைக் கேட்டது நினைவிருக்கிறதா? நானும் அன்று அங்கே இருந்தேன்.

"ஏம்பா, நீ எஞ்சின் விக்க வந்தியா, வேணாம்னு சொல்ல வந்தியா?"

"ரெண்டுக்கும் சேத்துத்தாங்க சம்பளம். சித்திரையில வந்து சொல்றேன். இப்ப கேட்டா கெணறு பொய் சொல்லும்."

"கெணறு பொய் சொல்லுதாம். இவரு ஒருத்தருதான் இந்த ஜில்லாவுலயே நெசம் பேசறவரு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சித்திரையில் போய்ப் பார்த்தபோது அந்தக் கிணறு ஒரு பகல் முழுக்க இரண்டு முடிச்சுத்தான் ஊறியது. உங்களுக்கு மாடே போதும் என்று சொல்லிவிட்டு வந்தாய். உன் முதலாளி திட்டினார். இரண்டு வாரம் கழித்து அதே ஆள் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி உன் கடைக்கு வந்தார். "எனக்கு வேணாம்னு சொன்ன ஆளு, இவனுக்கு வேணும்னு சொன்னா நம்பி வாங்கலாம்" என்றார். எதிர்க்கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வருஷம் நான் விற்றதில் கால்வாசிகூட நீ விற்கவில்லை. மூன்றாம் வருஷம் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் 'கயிறு வச்சிருக்கறவரு கடை எது' என்று என்னிடமே வழி கேட்டார்கள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. நீ கவனித்துவிட்டு ஒருநாள் சொன்னாய்: "விக்கறது ஒரு நாள் வேலைப்பா. அதுக்கப்புறம் அந்த ஊரு வழியா எத்தினி வருஷம் போவணும்."

சாமல்பட்டிக்குப் பக்கத்தில் மாரப்பன் என்று ஒரு விவசாயி. அந்தக் கார்த்திகையில் நீ அவர் கிணற்றுக்குப் போய்க் கயிறு விட்டுவிட்டு, சித்திரைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாய். அடுத்த வாரம் நான் போனேன். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார் மாரப்பன். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வயலில் எஞ்சின் ஓட வேண்டும். அந்தப் பட்டத்திலேயே கரும்பு போட வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

"அந்த ஆளு சித்திரை சித்திரைன்னு பஞ்சாங்கம் படிக்கறாரு. நீங்க எப்ப தருவீங்க?"

"நாளன்னிக்கே எறக்கிடலாண்ணே" என்றேன்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. திரும்பும்போது பஸ்ஸில் உன்னிடம் பெருமையாகச் சொன்னேன்.

"கயிறு வுட்டியா?" என்றாய்.

"வுட்டேன். பன்னெண்டடி."

"எந்த மாசத்துல?"

"இந்த மாசத்துலதான். பின்ன, அடுத்த சித்திரைக்குள்ள போயா கயிறு வுட முடியும்?"

நீ சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பன்னிரண்டு அடி என்பது சரியான அளவு. அளந்ததில் பிசகே இல்லை. அது எந்த மாதத்து அளவு என்பதை மட்டும் மாரப்பனுக்கு நான் சொல்லவில்லை.

சித்திரையில் அவர் கிணற்றில் தண்ணீர் முப்பத்து நாலு அடிக்கு இறங்கிவிட்டது. என் கடைக்கு வந்து நின்றார். எஞ்சின் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை, கரும்பு காய்கிறது என்றார். விற்றது தப்பு, எஞ்சினைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் அன்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் கார்த்திகையில் நீ சொன்னது சரி என்று ஆகிவிடும். "கெணத்துக்குள்ள பாறைத் திட்டு இருக்கில்லண்ணே, அதுல எறக்கி வச்சி ஓட்டுங்க. நாலு ஊருல அப்பிடித்தான் ஓடுது" என்றேன். நாலு ஊர் என்று நான் சொன்னது ஒரு ஊர். அதையும் நான் போய்ப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் மெஸ்ஸில் சாப்பிடும்போது இதைப் பேச்சோடு பேச்சாக உன்னிடம் சொன்னேன். நீ கையை இலையிலேயே வைத்துவிட்டாய்.

"பொகை எங்க போவும்?"

"எங்க போவும், மேலதான் போவும்."

"அந்தக் குழிக்குள்ள காத்தே இல்லப்பா. அதுல மனுசன் எறங்குவான்ல?" இலையை மடித்துவிட்டு, "காலைல போலாம் வா. வித்தவன் நீ. நீ சொன்னாத்தான் நிறுத்துவாரு" என்றாய்.

"ஊத்தங்கரையில ஒருத்தரு கையெழுத்துப் போடறேன்னு இருக்காரு. அத முடிச்சுட்டு மத்தியானம் வந்துடறேன்."

காலையில் ஒரே பஸ்ஸில்தான் போனோம். சாமல்பட்டியில் நீ இறங்கினாய். தோளில் அந்தக் கயிறு. ஜன்னலருகே வந்து, "மத்தியானம் வந்துடு, நான் சொன்னா போட்டிக் கடைக்காரன் சொல்றான்னு நெனப்பாரு" என்றாய். வருகிறேன் என்று தலையாட்டினேன். பஸ் நகர்ந்தது. நீ வரப்பில் இறங்கிக் கொஞ்ச தூரம் போகும்வரை தெரிந்தது.

ஊத்தங்கரையில் கையெழுத்து வாங்கினேன். மத்தியானம் சாமல்பட்டிக்கு வந்தபோது மாரப்பன் கிணற்று மேட்டில் ஊரே நின்றிருந்தது.

நடந்ததை மாரப்பனின் மனைவியிடமும் அங்கே இருந்த இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். முந்தின நாள் ராத்திரியே ஆள் பிடித்து எஞ்சினைப் பாறைத் திட்டில் இறக்கியிருக்கிறார்கள். விடியலிலிருந்து அது ஓடியிருக்கிறது. தண்ணீர் வருவது குறைந்ததும் மாரப்பன் உள்ளே இறங்கியிருக்கிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. அந்த நேரத்தில்தான் நீ வந்திருக்கிறாய். எட்டிப் பார்த்துவிட்டு, வேறு யாரும் இறங்கக்கூடாது என்று சத்தம் போட்டிருக்கிறாய். கவலையில் மாட்டைப் பூட்டச் சொல்லியிருக்கிறாய். துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு கவலைக் கயிற்றோடு இறங்கியிருக்கிறாய். முதலில் எஞ்சின் சத்தம் நின்றது. பிறகு கயிறு இரண்டு தடவை அசைந்தது. எஞ்சின் வந்தபிறகு சும்மா கட்டிப்போட்டிருந்த மாடுகள் அன்று மாரப்பனை இழுத்து மேலே கொண்டுவந்தன. அவருக்கு மூச்சு இருந்தது. கயிற்றை அவிழ்த்து மறுபடி உள்ளே விட்டார்கள். அதைப் பிடிக்கக் கீழே யாரும் எழுந்து நிற்கவில்லை.

உன்னை மேலே கொண்டுவந்தபோது நான் அங்கே இல்லை. நான் வந்தபோது வேப்ப மரத்தடியில் படுக்க வைத்திருந்தார்கள். துண்டு ஈரமாகவே இருந்தது. மாரப்பனின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வித்தவரு நீங்க. வந்தவரு அவரு" என்றார். உன் அளவுக் கயிற்றை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். விற்றவர் யார் என்பதை அதற்குமேல் அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

உன் பெட்டியை எடுத்துக்கொண்டு தளிக்கு அந்தப் பக்கம் இருந்த உன் அக்கா வீட்டுக்கு நான்தான் போனேன். உனக்கு இருந்த ஒரே உறவு அவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எனக்காகத் தமிழில் கேட்டார். "பாக்காம விக்கமாட்டேன்னு சொல்லுவானேங்க. இந்தக் கெணத்த என் தம்பி பாக்காம வித்துட்டானா?"

எஞ்சின்காரர் ஒருவர் எஞ்சின் வைத்த கிணற்றில் செத்தால், விற்றவர் அவர்தான் என்று யாருக்கும் தோன்றும். கிருஷ்ணகிரியிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். நான் கையிலிருந்த தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு சொல் போதும். அக்கா என் முகத்தையே பார்த்திருந்தார். பிறகு தானே தலையாட்டிக்கொண்டார். "வயசு கம்மிதானேங்க. அவசரப்பட்டுட்டான். பரவால்ல" என்றார். நீ செய்யாத தவறுக்கு உன்னை அவர் மன்னித்தார். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அப்போது கிருஷ்ணகிரியிலிருந்து பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நேரில் போனவன் நான் என்பதால் விவரத்தை எழுதித் தரச் சொன்னார். ஆறு வரி எழுதினேன். கிணற்றின் ஆழம், எஞ்சின் ஓடிய நேரம், காப்பாற்றப்பட்டவரின் பெயர், உன் பெயர், வயது. எல்லாம் சரியாக இருந்தன. எஞ்சினை விற்றது யார், உள்ளே இறக்கச் சொன்னது யார் என்பது மட்டும் அதில் இல்லை. வாத்தியார் படித்துப் பார்த்துவிட்டு, "பிசகில்லாம எழுதறீங்களே, தொடர்ந்து எழுதலாமே" என்றார். நான் கடையை விட்டு நின்றேன். என் நாற்பது வருஷத் தொழில் அந்த ஆறு வரியில் தொடங்கியது.

இந்தத் தொழிலில் நல்ல பேர் எடுத்தேன். ஏரி நிறைந்திருக்கிறது என்று அதிகாரி கணக்குக் காட்டினால், எந்த மாதம் பார்த்தீர்கள் என்று கேட்பேன். ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்தபோது, இத்தனை பேருக்கு வேலை என்று மேடையில் சொன்னவர்களிடம், எந்த மாதத்துக் கணக்கு என்று கேட்பேன். கேள்வி கேட்கத் தெரிந்தவர் என்று இளைஞர்கள் என்னைச் சொல்வார்கள். அது உன் கேள்வி என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

செய்தி சேகரிக்கத் தளி வழியாகப் பலமுறை போயிருக்கிறேன். உன் அக்காவின் ஊருக்குப் பிரியும் இடத்தில் பஸ் நிற்கும். ஆட்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த தடவை இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொள்வேன். ஊத்தங்கரைக்குப் போய்விட்டு மத்தியானம் வருகிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, அதே மாதிரிதான். அக்கா இறந்து பல வருஷம் ஆகிவிட்டது என்பதை அந்த ஊர்க்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடைசிவரை தம்பி அவசரப்பட்டுவிட்டான் என்றே நினைத்திருந்திருப்பார்.

கயிறு என் அலமாரியில் இருக்கிறது. ஈயக் குண்டு எங்கோ விழுந்துவிட்டது. சிவப்புத் துணி வெளுத்து மண் நிறத்துக்கு வந்துவிட்டது. எதையும் அளக்க அதை நான் எடுத்ததில்லை. மருந்துக்கடையிலிருந்து வந்த அன்று அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் இது என்ன கயிறு என்றாள். அவளிடம்தான் முதல்முதலாக முழுவதையும் சொன்னேன். அவள் கயிற்றை வாங்கி முடிச்சுகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "இத எழுதிடுங்கப்பா" என்றாள்.

அந்த ஆறு வரிக்குக் கீழே வந்திருக்க வேண்டிய ஏழாவது வரியை இப்போது எழுதுகிறேன். அந்த எஞ்சினை விற்றவன் நான். கிணற்றுக்குள் இறக்கச் சொன்னவனும் நான். இறந்தவர் அந்தக் கிணற்றைச் சித்திரையில் பார்த்த பிறகே விற்பேன் என்று சொல்லியிருந்தார்.