பாலத்தைத் தூக்கிய சங்கு

அருமை மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். அடுத்த துறைமுகத்தில் இது உன் கைக்குக் கிடைத்துவிடும் என்று உங்கள் கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள். இருமல் நின்றதா? மேல்தளத்தில் காவல் நிற்கும்போது கழுத்தை மூடிக்கொள்.

பதினொன்றாம் தேதி நம் ஊரில் சரக்கேற்றிக்கொண்டு உங்கள் கப்பல் தூக்குப் பாலத்தைத் தாண்டி ஏரிக்குள் போனதும் பின்னால் ஒரு சங்கு கேட்டதே, அது எந்தக் கப்பல், இறங்கிக்கொண்டிருந்த பாலம் ஏன் மறுபடி மேலே போனது என்று கேட்டிருந்தாய். அப்பாவிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்?" என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார். ஊதியது அவர்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். அவரைக் கேட்காமலே நீ காட்சிக்கு நிற்கும் பழைய கப்பலின் மேனேஜரம்மாவைப் பார்த்து, அதில் அவருக்கு வழிகாட்டி வேலை பேசிவைத்தாயே, அன்று வீட்டில் என்ன கூத்து! "முப்பது வருஷம் சுக்கான் பிடிச்சவன், கட்டிப்போட்ட கப்பல்ல நின்னு, படி பாத்து ஏறுங்கன்னு சொல்லணுமா? உன் மக என்னையும் அதோட சேத்துக் காட்சிக்கு வைக்கிறா!" அந்தக் கோபத்தில்தான் இந்த வருஷம் நீ முதலில் கப்பலேறிய அன்று துறைக்கு வரவில்லை. இன்றுவரை உனக்கு ஒரு வரி எழுதவும் இல்லை.

முழங்கால் கெட்டுக் கரையேறியதிலிருந்து ஒரு வருஷம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தே கிடந்ததை நீயும் பார்த்தாய். நீ போன இரண்டாவது வாரம், "சும்மா பாத்துட்டு வரேன்" என்று கம்பை ஊன்றிக்கொண்டு போனார். முதல் நாளே ஒரு சின்னப் பெண், "கப்பல்தான் ஓடலையே, நீங்க எதுக்கு?" என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து இதை என்னிடம் மூன்று முறை சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அடுப்படியில் நின்று எண்ணிப்பார்த்தேன்.

துறைமுகத்தில் நான் உட்காரும் சுற்றுலாத் தகவல் மேசைக்கு வருபவர்களிடம் முன்பெல்லாம் கலங்கரை விளக்கம், தானியக் கிடங்கு மியூசியம், படகுச் சவாரி என்று வரைபடத்தில் வட்டம் போட்டுக் கொடுப்பேன். இப்போது அவர்களே, "கம்பு வச்சிருக்கிற பெரியவர் எந்தக் கப்பல்ல?" என்று கேட்டு வருகிறார்கள். என் புருஷன் என்று நான் சொல்வதில்லை. சொன்னால் அவர் அடிக்கும் கதைகளுக்கு என்னைச் சாட்சிக்கு இழுப்பார்கள்.

பதினொன்றாம் தேதிக்கு வருகிறேன். சுக்கான் அறையில் இருபத்திரண்டு பேரை வைத்துப் பேசிக்கொண்டிருந்தவர், உங்கள் கப்பலைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டாராம். "அதுல என் பொண்ணு இருக்கா. மூணாவது மேட், ஆபீசர்" என்றாராம். வாசற்படியில் நின்ற காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பழைய கப்பலில் எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை ஊதிக் காட்டுவதற்காகச் சங்கை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்தார். மூன்று நீளம், இரண்டு குட்டை, உங்கள் வழக்கப்படி வணக்கம் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அதே இடத்தில் நின்று, அதே பாலத்தை எதிரில் பார்த்து, எத்தனை வருஷம் இழுத்த கை! நீளம், குட்டை, நீளம், குட்டை என்று இழுத்துவிட்டது. 'வருகிறேன், பாலத்தைத் தூக்கு' என்று அதற்கு அர்த்தம் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாலத்துக்காரர் தூக்கிவிட்டார். கப்பல் வருமா? பத்தொன்பது நிமிஷம். இரண்டு சுற்றுலா பஸ், ஒரு ரொட்டி வண்டி, அதன் பின்னால் ஊரே நின்றது. பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி, வராத கப்பலுக்காகக் கேமராவைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். பாலத்துக்காரர் ஒலிபெருக்கியில், "ஊதினது யாரு? எங்க இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் துறைமுக ஆபீஸிலிருந்து மேனேஜரம்மாவுக்குக் கடிதம் வந்தது: அந்த வழிகாட்டியை நீக்க வேண்டும். முடிவு தெரியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். மூன்று நாள். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், சாப்பிட்டார், திரும்பப் போய் அங்கேயே உட்கார்ந்தார். இனி அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே மாட்டார் என்று பயந்தேன். உனக்கு எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

நான்காம் நாள் பாலத்துக்காரர் யாரும் கூப்பிடாமலே துறைமுக ஆபீஸுக்குப் போயிருக்கிறார். "அந்தச் சங்கை வருஷக்கணக்கா கேட்டவன் நான். கேட்டதும் கை தானா தூக்கிடுச்சு. கண்ணால கப்பலைப் பாக்காம தூக்கினது என் தப்பு. அவரை அனுப்பினா என்னையும் அனுப்புங்க" என்றாராம். கூட இருந்த மேனேஜரம்மா, "ரெண்டு பேருக்கும் கை சொன்ன பேச்சு கேக்காது போல" என்று சிரித்துவிட்டாராம். கடைசியில் கண்டிப்போடு விட்டார்கள். சங்குக் கயிற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள், சாவி மேனேஜரம்மாவிடம், பாலத்துக்குப் போன் செய்த பிறகு பன்னிரண்டு மணி ஊதலை அந்தம்மாவே ஊதுவார். அப்பா மறுநாளே வேலைக்குப் போய்விட்டார், கால் மணி முன்னதாகவே.

பாலத்துக்காரர் வீட்டுக்குப் போய் நன்றி சொன்னேன். "சும்மா இருங்கம்மா, அந்தச் சத்தம் கேட்டு எனக்கும் பத்து வயசு குறைஞ்சுது" என்றார். உனக்குச் சொல்ல வேண்டிய நன்றியைத்தான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டுவிட்டேன். அந்த மனுஷனை நாற்காலியிலிருந்து எழுப்பியவள் நீ. கேட்காமல் செய்தாயே, அது நல்லதாயிற்று. கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இருபத்தேழாம் தேதி திரும்புகிறீர்கள் என்று வருகைப் பலகையில் போட்டிருக்கிறது. பழைய கப்பலைத் தாண்டும்போது வணக்கம் ஊதச் சொல்லி உங்கள் கேப்டனைக் கேள். பதில் சங்கு வராது, பூட்டுத் தொங்குகிறது. வரவில்லை என்று எதையும் நினைத்துக்கொள்ளாதே. சுக்கான் அறையின் வலப்பக்க ஜன்னலைப் பார். இரண்டு நாளாக அதை அவரே துடைத்துக்கொண்டிருக்கிறார். பார்க்க வருகிறவர்களுக்காகவாம்.

தண்ணீர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், கண்ணு.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அம்மா