என் கன்னத்தை வைத்து நேர்ந்தவன்

பிப்ரவரி 27, வியாழன்
மோட்டார் பட்டறையை இன்றும் திறக்கவில்லை. எனக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்ததும் கோவில்பட்டி முழுக்க டாக்டராகிவிட்டது. ஒருவர் முள்ளுசீத்தா இலை என்கிறார், இன்னொருவர் வெறும் வயிற்றில் மஞ்சள். ஆரஞ்சு வாங்கி வருகிறார்கள்; அவர்களே உரித்துத் தின்றுவிட்டுப் போகிறார்கள்.

மார்ச் 3, திங்கள்
மதுரை ஆஸ்பத்திரி. என்னைப் பார்த்து உச்சுக்கொட்டாத ஒரே ஆள் டாக்டர் ரூபினா. "கட்டி வளர ரத்தம் வேணும். புது ரத்தக்குழாய் முளைக்கச் சொல்லி அது ஒரு புரதத்தை அனுப்புது. அந்தச் சேதி போய்ச் சேராம இந்த மருந்து தடுக்கும்" என்றார். அதாவது என் வயிற்றுக்குள் ஒருத்தன் திருட்டுக் குழாய் இழுத்துக்கொண்டிருக்கிறான்! இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும். கூடவே ஓர் எச்சரிக்கை: "காயம் ஆறுறதுக்கும் அதே புரதம்தான் வேணும். பல்லு புடுங்கக்கூட என்னைக் கேக்காமப் போகாதீங்க."

மார்ச் 20, வியாழன்
என் பெண்டாட்டி பேபியின் தம்பி காசிராஜன் வந்தான். மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். பேச்சும் அதே சத்தம்தான். "அத்தான், பங்குனிப் பொங்கலுக்கு நீங்க அலகு குத்துவீங்கன்னு அம்மனுக்கு நேந்துட்டேன்."
என் கன்னத்தை வைத்து நேர இவன் யார்? இவனுக்குச் சொந்தமாகக் கன்னம் இல்லையா? காயம் ஆறாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.
"அப்பம் ரெண்டு ஊசியத் தள்ளிப்போட்டுருவோம் அத்தான்."
அறிவுக்கொழுந்து. அதுவரை கட்டி அம்மனுக்குப் பயந்து கைகட்டி நிற்குமாக்கும்.

மார்ச் 21
பேபி காலையிலிருந்து அழுகிறாள். "நேந்தத செய்யாம விட்டா அம்மன் உங்களத்தான பிடிப்பா? எனக்குப் பயமா இருக்கு." பெண்டாட்டியாய் வாய்த்தவளும் இப்படி.
அவள் அழுகையை நிறுத்த ஊசியை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் — நானா நினைத்தேன்? பயந்துபோய்க் காசிராஜனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நேந்தது நீதான? நீயே குத்திக்கோலே!" அவன் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 31
ஊசி போட்டாயிற்று. மூக்கில் கொஞ்சம் ரத்தம்.

ஏப்ரல் 8, செவ்வாய்
ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வந்தது. மேளத்துக்கு நடுவில் காசிராஜன். இரண்டு கன்னத்தையும் துளைத்துக்கொண்டு வேல். ரத்தப் பரிசோதனைக்கு ஊசியைக் காட்டினாலே மயங்கி விழுகிற பயல்! "மச்சினன் குத்துனாலும் அம்மன் ஏத்துக்கிடுவா" என்று பூசாரி சொன்னாராம். அவன் விரதம் இருந்தது பேபிக்குத் தெரியும்; எனக்குச் சொல்லவில்லை.
வாயைத் திறக்க முடியாமல் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். முட்டாப்பயல். முட்டாப்பயல்.

ஏப்ரல் 19, சனி
ஸ்கேனில் கட்டி வளரவில்லை; கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர். "பாத்தீங்களா அத்தான், அம்மன்!" என்றான் காசிராஜன். மருந்து என்றேன். அம்மன் என்றான். விட்டுவிட்டேன்.
அவனிடம் நல்லதாக ஒரு வார்த்தை பேச எனக்கு இன்னும் வாய் வரவில்லை. "கன்னத்தக் காட்டுலே" என்றேன். இரண்டு பக்கமும் தோல் மூடிவிட்டது. அந்தப் புரதம் இவன் உடம்பில் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறது. இருந்தாலும் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடியும் பார்த்தேன்.