பெயர் போடாத விமர்சனம்

செவ்வாய், இரவு

நான் போனில் விளையாடும், கிராமம் கட்டும் கேமுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, போன வாரம் விமர்சனம் எழுதினேன். "இலவசம்னு நம்பாதீங்க. அதுல காசு குடுத்து கேம் வைரம் வாங்கி வாங்கி, மனைவிக்குத் தெரியாம அவ நெக்லஸைத் தேக்கா கடைத்தெருவுல அடகு வெச்சுட்டேன்." பெயர் போடவில்லை.

இன்று சாப்பிடும்போது என் மனைவி கவிதா போனை நீட்டினாள்.

"நீங்க விளையாடுற கேம்தானே? யாரோ எழுதியிருக்காரு பாருங்க. அந்தப் பொண்டாட்டி பாவம் லா."

தேக்கா என்று இடத்தை ஏன் எழுதினேன்?

"ஆமா, பாவம்," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "தைப்பூசத்துக்கு என் நெக்லஸ் போடணும்."

தெரிந்துதான் சொன்னாளா? படுக்கையறையில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்கிறது. நகைப்பெட்டியை எடுப்பதற்குள் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும்.