ரன்வேக்கு அந்தப் பக்கம்

உன் மகன் இன்று காலை பரணைக் காலி செய்துகொண்டிருந்தான். மாடியில் இரண்டு ரூம் எழுப்பி, எஸ்டேட் கம்பெனிகளில் வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறானாம். இறக்கிப் போட்ட சாமான்களுக்கு நடுவில் அந்தப் படுதா கிடந்தது. யூரியா பைகளைப் பிரித்து உன் ஸ்டெல்லா கோணி ஊசியால் தைத்தாளே, அதேதான். "மாமா, இது வேணுமா, குப்பைல போட்டுடட்டா?" என்று கேட்டான். பிரித்துப் பார்த்தேன். நெல்தூசும் தாரும் கலந்த வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. ஓரமெல்லாம் தார் ஒட்டிக் கருத்துப்போயிருந்தது. வேண்டும் என்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். பேப்பரை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நேராகச் சொல்ல எனக்கு வாய் வராது, சுற்றிக்கொண்டுதான் வருவேன். நீ என்றைக்கும் என் பேச்சை முழுதாகக் கேட்டதில்லை, இன்றைக்காவது கேள்.

ஊர்க்காரர்களுக்குக் களம் இருந்தது. காலனிக்கு ஏது களம்? அறுப்புக்குப் போய்க் கூலியாக வாங்கி வரும் நெல்லைக் காய வைக்க நமக்கு இருந்த ஒரே இடம் அந்த ரன்வேதான். வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் அவசர அவசரமாகப் போட்டுவிட்டு, சண்டை முடிந்ததும் அப்படியே விட்டுப் போனது. "குண்டு போடறதுக்குன்னா நினைக்கற? நம்ம நெல்லு காயறதுக்குத்தான் மச்சான் போட்டிருக்கான்" என்பாய் நீ. கட்டம் கட்டமாக சிமென்ட் பாளம். வீட்டுக்கு ஒரு பாளம் என்று நம் அப்பாக்கள் காலத்திலேயே பிரித்துக்கொண்டார்கள். உன் பாளமும் என் பாளமும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் இருந்த இடுக்கில் ஊற்றியிருந்த தார் சித்திரை வெயிலில் இளகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் அந்தப் படுதாவே.

அப்போது ஃபிளையிங் கிளப் நடந்துகொண்டிருந்தது. சின்ன பிளேன் ஒன்று வாரத்தில் இரண்டு நாள் வந்து இறங்கும், ஒரு சுற்றுச் சுற்றும், போய்விடும். காவலுக்கு இருந்த நைனா ஆந்திரா பக்கத்து ஆள். பிளேன் வருவதற்கு அரை மணி முன்னால் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு ரன்வே முழுக்க வருவார். "ஒஸ்துந்தி, ஒஸ்துந்தி" என்று, வருது வருது என்று தெலுங்கில் ஒரே சத்தம். நாம் நெல்லை வாரி ஓரம் கட்டுவோம், பிளேன் போனதும் மறுபடி பரப்புவோம். அந்த உதவிக்காக ஒவ்வொரு வீடும் அறுப்பு முடிந்ததும் அவருக்கு ஒரு மரக்கால் அளந்தது. விமானம் இறங்கும் இடத்தில் நெல் காய வைத்தவர்கள் உலகத்திலேயே நாம்தான் என்று நான் சொன்னால், சும்மா சொல்லாதே, எல்லா ஊரிலும் நம்மைப் போல ஆட்கள் இருப்பார்கள் என்பாய்.

ஆனால் ஜீப்பில் யாராவது வந்துவிட்டால் கதை வேறு. காக்கிச் சட்டையோ வெள்ளைச் சட்டையோ, யார் வந்து கேட்டாலும் காலனி மொத்தத்துக்கும் ஒரே பதில்தான்: நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. ஒருத்தர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நைனாவுக்கு வேலை போகும், நமக்கு இடம் போகும். பேசத் தெரிந்த பிள்ளைக்கு அப்பா பேர், அம்மா பேருக்கு அடுத்து இதைத்தான் சொல்லிக்கொடுத்தோம். ஒரு நாள் ரன்வேயில் நெல் கொட்டிக் கிடக்க, இது யாருடையது என்று ஒரு அதிகாரி கேட்டார். தெரியாது என்றோம். அப்படியானால் நான் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றார். நீ கொஞ்சமும் அசராமல், "தாராளமா எடுத்துக்கினு போ சார். ஆனா இன்னும் காயல, மூட்ட கட்டினா மொளச்சிடும்" என்றாய். அவரே சிரித்துவிட்டார். அந்தக் கதையை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்திருப்போம்!

பிறகு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தது. நீயும் நானும் ரோலிங் மில்லில் ஒரே ஷிஃப்டில் சேர்ந்தோம். வயல் வைத்திருந்தவர்கள் கம்பெனிகளுக்கு விற்றுவிட்டுப் போனார்கள், கூலி நெல் நின்றது. கிளப்பும் மூடிவிட்டது, நைனாவும் சூளூர்ப்பேட்டைக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். பாளத்து இடுக்கில் எல்லாம் வேலிக்காத்தான் முளைத்தது. அப்புறம் தேர்தலுக்குத் தேர்தல் ஏர்போர்ட் வரப் போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பும். புதுவாயல் கூட்ரோடிலிருந்து நம் ஊர் வரைக்கும் ஏர்போர்ட் நகர், ஏர்போர்ட் கார்டன் என்று போர்டு போர்டாக வைத்தார்கள். தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்குப் பெயர் 'ஏர்போர்ட் வியூ'. ஏர்போர்ட் மட்டும் வரவில்லை. நாமும் அதை நம்புவதை விட்டுவிட்டோம்.

நெல் போனாலும் ரன்வே நம்மை விடவில்லை. அதைத் தாண்டினால்தானே கல்லறைத் தோட்டம். காலனியில் யார் செத்தாலும், சிலுவை போட்டவர்களோ விபூதி பூசினவர்களோ, அங்கேதான் புதைத்தோம். ஒரு பக்கம் ஏரி, மற்ற இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர். நாலாவது பக்கம் ரன்வே. ஸ்டெல்லாவைக் காமாலை கொண்டுபோனபோது அவளையும் அதன் குறுக்கேதான் தூக்கிக்கொண்டு போனோம். முன்னால் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். நீ என்னை மச்சான் என்று கூப்பிட்ட உறவில் அவள் எனக்குத் தங்கச்சி. குழி மூடினதும் நீ ஓரத்தில் கிடந்த செங்கற்களைப் பொறுக்கி, அவளுக்குப் பக்கத்தில் ஆள் நீளத்துக்கு வரிசையாகப் பதித்தாய். என்னடா செய்கிறாய் என்றேன். "ரிசர்வேஷன்" என்றாய்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நேராக அங்கேதான். வரும்போது, அவளிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன் என்பாய். அந்தச் செங்கல் சரிந்தால் நிமிர்த்தி வைப்பாய். இன்னொரு கல்யாணத்துக்கு உன் அக்கா பேச்செடுத்தபோது, எனக்கு இடம் அங்கே போட்டாயிற்று என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். உனக்கென்று நீ கேட்டது வேறு எதுவும் இல்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். கால் நீண்ட முக்காலியில் மெஷினை வைத்துக்கொண்டு ரன்வேயை அளந்தார்களே, அந்த நாள். அவர்களோடு ஒரு பெண் அதிகாரி, கையில் கட்டுக் காகிதம். நாம் இரண்டு பேரும் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தோம். மரியாதையாகத்தான் கேட்டாள். இந்த இடத்தை நீங்கள் எதற்காவது பயன்படுத்துகிறீர்களா, மாடு மேய்க்க, களமாக, வழியாக, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள் என்றாள். எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை.

"நாங்க அந்தப் பக்கம் காலே வெக்கறதில்ல மேடம்" என்றேன்.

அவள் பேனாவை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள். "நல்லா யோசிச்சு சொல்லுங்க ஐயா. எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது."

அவள் அப்படிக் கேட்டதும் எனக்குச் சந்தேகம்தான் கூடியது. வாயைப் பிடுங்குகிறாள் என்று நினைத்தேன். நீயும் பக்கத்திலிருந்து என் முழங்கையை அழுத்தினாய். "எங்களுக்கு இன்னா மேடம் அங்க வேலை?" என்று சொல்லி, நீட்டின இடத்தில் கையெழுத்தும் போட்டேன். கூட்ரோடில் டீ குடிக்கும்போது, ரிட்டயர் ஆகியும் நம்ம ஆளுக்கு வாய் குறையவில்லை என்று என் முதுகில் தட்டினாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

இத்தனை வருஷம் பேச்சாகவே இருந்தது ஒரே வருஷத்தில் வந்துவிட்டது. பெரிய ஏர்போர்ட் இல்லை, பிளேன் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடமாம். பழைய பாளத்தைப் பெயர்த்தார்கள், புதுத் தார் போட்டார்கள், பத்தடிச் சுவர் எழுப்பி மேலே சுருள் கம்பி விட்டார்கள். கல்லறைக்குப் போகும் நம் வழி வரும் இடத்தில் ஒரு கேட்டு வைப்பார்கள் என்று காலனியே நம்பியது. சுவர் அந்த இடத்தையும் தாண்டிப் போனது. அப்போதுதான் உனக்கு மூச்சிரைப்பு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வழி கேட்டு மனு எழுதி எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நான் மட்டும் போனேன். அத்தாட்சிக்கு ஸ்டெல்லாவின் அடக்கத்தில் எடுத்த போட்டோவும் கொண்டுபோனேன். பெட்டியும் நம் தோள்களும், காலுக்குக் கீழே ரன்வேயும் அதில் தெளிவாகத் தெரியும்.

அங்கே இருந்த அதிகாரி போட்டோவை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். நல்ல மனுஷன்தான். பிறகு பைலைத் திருப்பி ஒரு தாளை எடுத்து மெதுவாகப் படித்தார்: "மேற்படி இடத்தைத் தாங்கள் எவ்விதத்திலும் பயன்படுத்துவதில்லை எனக் கிராமவாசிகள் தெரிவித்துள்ளனர்." அடியில் இருந்த பெயரைப் பார்த்தார், என் மனுவில் இருந்த பெயரைப் பார்த்தார். இதை வைத்துக்கொண்டு நான் என்னய்யா செய்ய முடியும் என்று மட்டும் சொன்னார். நான் போட்டோவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் ஏறி எந்த ஸ்டாப்பில் இறங்கினேன் என்றுகூட நினைவில்லை.

அன்றைக்கு சாயங்காலம் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாஸ்க்கை விலக்கிவிட்டு நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கேட்டு வெச்சிட்டாங்களா மச்சான்?"

"வெச்சிட்டாங்கடா. சாவி கூட நம்ம கையிலதான்" என்றேன்.

"அப்போ பேஜாரு இல்ல" என்று மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டாய். அன்று ராத்திரி நீ தூங்கின மாதிரி நிம்மதியாகத் தூங்கி நான் உன்னை என்றைக்கும் பார்த்ததில்லை.

நாலாம் நாள் போய்விட்டாய். கார்த்திகை மழை, ஏரி கரை தட்டி நின்றது. கோடையாக இருந்தால் ஏரிக்குள் நடந்தே உன்னைக் கொண்டுபோயிருப்போம். வண்டியில் உன்னை வைத்துக்கொண்டு பிளேன் கற்றுக்கொடுக்கும் இடத்துப் பெரிய கேட்டுக்கு முன்னால் மழையில் நின்றோம். காவலுக்கு இருந்தவனுக்குத் தமிழ் தெரியவில்லை. அவன் யாருக்கோ போன் போட்டான், அவர் இன்னொருவருக்குப் போட்டார். உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது என்றார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதனால் சண்டை போடவும் வழியில்லை. காலனி ஆட்கள் சுவரைத் திட்டினார்கள், அரசாங்கத்தைத் திட்டினார்கள். இந்த வழி இல்லை என்று எவன் எழுதிக்கொடுத்தானோ என்று உன் மகன் அழுதான். நான் அவன் பக்கத்தில்தான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பஞ்சாயத்தில் புதிதாகக் காட்டின இடத்துக்கே கொண்டுபோனோம். ஹைவே ஓரம், லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால். அங்கே முதல் குழி உன்னுடையதுதான்.

அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நீயும் அன்று என் முழங்கையை அழுத்தினாய் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. கையெழுத்து என்னுடையது. உன் மகனிடம் சொல்லிவிட வேண்டும் என்று இன்று காலைகூட வாயெடுத்தேன். அவன் டீ குடிக்கிறீர்களா மாமா என்றான். குடித்துவிட்டு வந்துவிட்டேன். எழுதாத மனு இல்லை, போகாத ஆபீஸ் இல்லை. ஒவ்வொரு மேஜையிலும் அந்தத் தாள் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் ஏரி வற்றியது. வெடித்த சேற்றில் தடியை ஊன்றி ஊன்றித் தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். புல் இடுப்புவரை வளர்ந்திருந்தது. ஸ்டெல்லாவைக் கண்டுபிடிக்கவே நேரமானது. சுற்றிலும் பிடுங்கிச் சுத்தம் செய்தேன். பக்கத்தில் உன் இடம் அப்படியே காலியாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிளேன் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று நினைத்துத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அரை மணி நேரம் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கும்போது அவளிடம் சொன்னது இதுதான்: "ஆஸ்பத்திரில இருக்கான்மா. வந்துருவான்."