டேப்பில் இருக்கும் நாலு எண்

உங்கள் வண்டி போன வெள்ளிக்கிழமை விற்பனைக்கு என் கடைக்கு வந்தது. உங்கள் வீட்டு அம்மணிதான் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். டயர் இடுக்கில் மதுக்கரைக் கல்குழியின் வெள்ளை மண் இன்னும் ஒட்டியிருந்தது. ஹேண்டில்பாரில் உங்கள் கையுறைகள் இரண்டும் தொங்கின. ஓரமாக எடுத்து வைக்கலாம் என்று தொட்டேன். உங்கள் லேத்துப் பட்டறையின் கட்டிங் ஆயில் வாசம் வந்தது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது.

பஞ்சர் ஒட்டித் தொடங்கி, பழைய சைக்கிள் வாங்கி விற்று, இன்று லட்ச ரூபாய் சைக்கிள்களைக் கைமாற்றிவிடுகிறவன் நான். மலைச்சரிவில் இறக்கி ஓட்டுகிற ரகத்தில் முதல் வண்டியை வாங்கிப் போட்டிருந்த நாள் நினைவிருக்கிறது. முன்னாலும் பின்னாலும் ஷாக், பாறையில் மோதினால் சக்கரம் முக்கால் சாண் மேலே ஏறி இறங்கும். நான் லேத்தில் கடையக் கொடுத்திருந்த ஓர் அச்சைக் கொண்டுவந்த நீங்கள் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள்.

"இதுக்கு எப்பிடிங்க வெல போட்டீங்க?"

"போட்டோவப் பாத்துத்தானுங்க."

"பொண்ணு பாக்கப் போனவன் மண்டபத்தப் பாத்துட்டு வந்தாப்பல இருக்குதுங்க."

கோபம்தான் வந்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தபோது, ஓட்டிப் பார்க்கட்டும் என்று வண்டியை வெளியே எடுத்து வைத்திருந்தேன். அதன்பின் ஒன்பது வருடம், என் கடைக்கு வந்த ஒரு வண்டிக்கும் உங்களைக் கேட்காமல் நான் விலை சொன்னதில்லை.

சீட்டைப் பிடித்துப் பின்பக்கத்தை மெல்லத் தூக்குவீர்கள். உள்ளே 'டொக்' என்று தட்டினால் பேரிங் போயிற்று. ஃபிரேமில் வெல்டிங் ஓரமாக நகத்தை ஓட்டுவீர்கள். "விரிசல் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னால நகத்துக்குத் தெரிஞ்சுபோடுமுங்க" என்பீர்கள். இதையெல்லாம் பார்த்த பிறகும் விலை வாயில் வராது. கல்குழிச் சரிவில் ஒரு தடவை இறக்கி ஓட்டிவிட்டு வந்துதான் சொல்வீர்கள். ஓட்டாமல் சொல்லும் விலை பொய் விலை என்பது உங்கள் கட்சி.

மூன்று வருடம் முன்பு அப்படி வந்த ஒரு வண்டியை எனக்கே திருப்பித் தராமல் நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். அதுதான் இது. பின்பக்க இணைப்பில் கம்பெனி போட்ட புஷ், அச்சு உரசாமல் இருக்கப் போடும் சின்ன உலோகக் குழல், ஒரு வருடத்தில் தேய்ந்தது. உங்கள் லேத்தில் நீங்களே ஒன்றைக் கடைந்து மாட்டினீர்கள். கம்பெனிப் பாகம் இல்லையென்றால் விற்கும்போது எட்டாயிரம் குறையும் என்றேன்.

"கொறைச்சுக்குங்க. ஓட்டறவன் தேஞ்சாலும் இது தேயாதுங்க."

இனி டேப்புக்கு வருகிறேன். இந்த வண்டியின் பின் ஷாக்குக்குள் ஸ்பிரிங் கிடையாது, காற்றுதான். ஆள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குகிறது என்று அதன் தண்டில் இருக்கும் ரப்பர் வளையம் காட்டிக்கொடுக்கும். ஆள் கனமாக இருந்தால் காற்றைக் கூட்ட வேண்டும், இளைத்தால் இறக்க வேண்டும். வாங்கிய அன்று உங்கள் எடைக்கு நான்தான் காற்று அடித்தேன். பம்பின் முள் காட்டியது நூற்றுத் தொண்ணூற்றைந்து. மறந்துவிடக் கூடாது என்று ஃபிரேமின் அடியில் வெள்ளை டேப் ஒட்டி அந்த எண்ணை எழுதினேன். இரண்டு வருடம் அது மாறவே இல்லை.

போன தை மாதம் வந்து, "ஷாக்கு நெம்ப வெறைப்பா இருக்குதுங்க, சித்தெ காத்த எறக்கி உடுங்க" என்றீர்கள். நூற்று எண்பத்து நாலு. பங்குனியில் மறுபடி வந்தீர்கள். நூற்று எழுபது. ஆனியில் நூற்று ஐம்பத்து நாலு. ஒவ்வொரு தடவையும் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை அதன் கீழே எழுதினேன்.

"தொப்பையெல்லாம் எங்கீங்க போச்சு? என்ற வண்டி கரைச்சது. கமிசன் வெச்சுட்டுப் போங்க."

"கமிசன அம்மணிகிட்டக் கேளுங்க. அவளுக்குத்தான் அரிசி மிச்சம்."

அதோடு நிறுத்தினேனா? ஆனியில் அதே நாள் பொள்ளாச்சியிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி வந்து, வாங்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். உங்களைக் கைகாட்டி, "பாருங்க, டாக்டரும் இல்ல, மருந்தும் இல்ல, இருவது கிலோ எறங்கியிருக்காரு" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சட்டையைத் தூக்கி பெல்ட்டைக் காட்டினீர்கள். அதில் புதிதாக மூன்று ஓட்டை. "ஆணி வெச்சு நானே அடிச்சதுங்க" என்றீர்கள். அவர் அப்போதே முன்பணம் கொடுத்தார். உங்களைக் காட்டி நான் வண்டி விற்றேன்.

ஆவணியில் ஆஸ்பத்திரியில் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். புரட்டாசியில் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, நீங்கள் பார்க்கிற வரிசையிலேயே பார்த்தேன். பின்பக்கம் தட்டவில்லை. உங்கள் புஷ் அப்படியே இருக்கிறது. நகத்துக்கு விரிசல் எதுவும் அகப்படவில்லை. முன் ஃபோர்க்கின் தண்டில் ஒரு கீறல், ஆழமில்லை. பிரேக் டிஸ்க் பாதி தேய்ந்திருக்கிறது. ஷாக்கில் பம்பை மாட்டினேன். முள் நூற்று ஐம்பதில் நின்றது. பம்பை மாட்டும்போதே கொஞ்சம் காற்று போகும், அவ்வளவுதான். பிறகு ஃபிரேமின் அடிப்பக்கத்தைத் துடைக்கக் குனிந்தேன். என் கையெழுத்து மேலிருந்து கீழாக இறங்கி வந்தது. ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக எழுதிய நான், நாலையும் சேர்த்து அன்றுதான் படித்தேன்.

அம்மணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "ஒரே ஊட்டுல இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சுங்ணா" என்றார். என்னிடம்தான் சொன்னாரா என்று தெரியவில்லை. "சோறு பாதியில எந்திரிச்சாரு. வெயிலுன்னு நெனைச்சேன். கட்டுனவளுக்கே தெரியலைன்னா என்ன பொளப்பு இது?"

சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. டேப்பைக் காட்டினேன். எது எதற்கு என்று விளக்கினேன். அவர் குனிந்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இது ஆரு எழுதுனதுங்க?"

"என்ற எழுத்துத்தான், அம்மணி. உங்களுக்குத் தெரியாதது தப்பில்ல. எனக்கு எண்ணாவே தெரிஞ்சுது. நான் அதை வெச்சு யாவாரம் பண்ணிப்போட்டேன்."

அவர் அழவில்லை. டேப்பிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, "வெல சொல்லுங்க" என்றார்.

"ரெண்டு லட்சமுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓட்டிப் பாக்காமயேவா?"

நான் ஏறி உட்கார வேண்டுமென்றால் என் கனத்துக்குக் காற்று அடிக்க வேண்டும். உள்ளே இருப்பது உங்கள் எடை. அதன்மேல் பம்பு போட எனக்குக் கை வரவில்லை.

"புஷ்ஷுக்கு எட்டாயிரம் கொறைக்கலைங்களா?"

"அதெல்லாம் பாக்கலீங்க, அம்மணி."

"அவரு சொன்னபடியேதான் பண்றீங்க" என்றார். முதன்முறையாக உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "'நான் இல்லீன்னா வண்டிய அவருகிட்டயே குடு. அது ஒரு லட்சத்து அறுவத்தஞ்சாயிரந்தான் பெறும். புஷ்ஷக் கழிச்சே சொல்றேன். அவரு மேல சொன்னாருன்னா மனசு ஒடஞ்சு சொல்றாருன்னு அர்த்தம், அந்தக் காச வாங்காதே.' இப்பிடிச் சொன்னாருங்ணா. கிறுக்குப் பேச்சுன்னு நெனைச்சு அடுப்பப் பாக்கப் போயிட்டேன்."

"எப்பச் சொன்னாருங்க?"

"சித்திரையிலங்க. கோயில் நோம்பி முடிஞ்ச வாரம்."

சித்திரை. ஆஸ்பத்திரிக்கு நாலு மாதம் முன்னால். அம்மணியும் அதைச் சொல்லிவிட்டுத்தான் உணர்ந்தார் போல. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் அழுதார். நான் எதிரில் நின்றேன். ஆறுதல் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஆக, உங்கள் நகத்துக்கு முன்னமே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் ஆனியில் சட்டையைத் தூக்கி பெல்ட்டைக் காட்டியிருக்கிறீர்கள். அந்தத் தேங்காய் வியாபாரியைச் சிரிக்க வைத்தீர்கள், என்னையும் சிரிக்க வைத்தீர்கள். சிரிக்கிறவன் கூட்டிக்கழித்துப் பார்க்க மாட்டான் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா? எனக்காவது சொல்லியிருக்கலாம் என்று நாலு நாளாகக் கோபமாக இருக்கிறேன். கேட்காத என் மேல்தான் கோபம் என்று தெரிந்தும் உங்கள் மேல் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து தன் வண்டி ஷாக்கில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடச் சொன்னார். பம்பைக் கையில் எடுத்தவன் கீழே வைத்துவிட்டு, "சாப்பாடெல்லாம் எப்பிடிங்க எறங்குது?" என்று கேட்டேன். அவர் விழித்தார். ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவரை காற்றை இறக்க மாட்டேன் என்றேன். கடைக்காரனுக்கு இது எதற்கு என்று முனகிக்கொண்டே போனார். இனி வராமலும் போகலாம். போகட்டும். இனிமேல் ரப்பர் வளையத்தைப் பார்க்கும் முன் ஆளின் முகத்தைப் பார்க்கிறேன். இதை நீங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை, உங்களிடம் தவறவிட்டுக் கற்றது.

வண்டியை விற்கத்தான் வாங்கினேன். நின்று துருப்பிடிக்க விட்டால் நீங்களே ஏசுவீர்கள். வாங்க வருகிறவர் கல்குழியில் இறக்கி ஓட்டிப் பார்த்த பிறகுதான் அவரிடம் விலை பேசுவேன்.

அம்மணியோடு பேசி முடித்தது இதுதான்: ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் ரூபாய், புஷ்ஷுக்கு எட்டாயிரம் கழித்தது போக. கையுறைகள் அவருக்கு. டேப் எனக்கு.