பேச்சை விட்டவர்

பிப்ரவரி 9

என்னங்க,

ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு கடிதம் எழுதிக்கொள்கிற புருஷன் பெண்டாட்டி நம்மைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா தெரியவில்லை. நீங்கள் பேச மாட்டீர்கள். நான் பேசினாலும் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் இதை உங்கள் டிபன் கேரியருக்குள் வைக்கிறேன். சாப்பாட்டையாவது திறந்து பார்ப்பீர்கள் அல்லவா?

ஆளுக்கு ஒன்றை விட்டுவிட்டு ஜெபியுங்கள் என்றுதான் போதகர் அன்றைக்குச் சொன்னார். ஒருவர் டீயை விட்டார். ஒருவர் சீரியலை விட்டார். பக்கத்து வீட்டு அக்கா அடுத்தவர் கதை பேசுவதை விட்டாள், பாவம், இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. நீங்கள் மட்டும்தான் பேச்சையே விட்டேன் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். உங்களுக்கு எதிலும் அரைகுறை கிடையாது. கோபம் என்றாலும் முழுக் கோபம், பக்தி என்றாலும் முழுப் பக்தி.

உங்கள் நாக்கு என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியாதா? நாலு பேர் முன்னால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா? ஆண்டவர் இந்த நாக்கைத் திருத்த வேண்டும் என்று நீங்கள் அழுது ஜெபித்தபோது நானும் பக்கத்தில்தான் முழங்காலில் இருந்தேன். ஆனால் நான் கேட்டது நல்ல வார்த்தை பேசுகிற நாக்கை. இப்படி ஒரேயடியாகப் பூட்டிக்கொள்வீர்கள் என்று நினைக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நீங்கள் திட்டுவதைக்கூடக் கேட்க ஆசையாக இருக்கிறது.

எழுத வந்த விஷயம் வேறு. சின்னவன் நேற்று என் தையல் கடைக்கு வந்திருந்தான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் எதற்கும் குறைப்படுகிற ஆள் இல்லை. பட்டறையில் நீங்கள் மேலே பலகையில் நின்று கப்பிச் சங்கிலியை இழுக்கிறவர், அவன் கீழே நின்று பாரத்தைக் கட்டிவிடுகிறவன். இத்தனை வருஷத்தில் அவன் தலை நிமிர்ந்து மேலே பார்த்ததே இல்லையாம். மச்சான் குரல் இருக்கும்போது கண் எதற்கு என்றான். இப்போது நீங்கள் ஸ்பேனரால் கம்பியைத் தட்டுகிறீர்களாம். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் விலகு. மச்சான் மரங்கொத்தி ஆகிவிட்டார் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் பேச வேண்டாம். என்னிடம் பேச வேண்டாம். வேலையிடத்தில் மட்டும் வாயைத் திறங்கள். இது ஒன்றுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவள்


பிப்ரவரி 11

என் பிரியமான மனைவிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. கடிதம் கிடைத்தது. சாப்பாடும் நன்றாக இருந்தது, ஆனால் பாதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு வேளையே போதும் என்று உனக்கு முன்பே எழுதிக் காட்டினேன்.

நீ கேட்டதைச் செய்ய முடியாது. ஓரிடத்தில் பேசி ஓரிடத்தில் பேசாமல் இருப்பது ஆண்டவரிடம் பேரம் பேசுகிற மாதிரி. என்னைச் சிட்சித்துத் திருத்தும் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். திருத்தி முடித்தார் என்று என் உள்ளத்தில் தெரியும்வரை வாய் திறப்பதில்லை. போதகர்கூடப் போதும் என்று சொல்லி அனுப்பினார். அவர் இளகிய மனசுக்காரர். மற்றவர்கள் எல்லாம் பாதி வழியில் இறங்கிவிட்டார்கள் என்பதற்காக நானும் இறங்க வேண்டுமா?

சபையில் எனக்கு முன் வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். நான் கேட்கவில்லை. ஆனால் இந்த விரதத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிகிறது போல. கோபம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லாமல் சாகிறது. இது எனக்குப் பெரிய விடுதலை.

சின்னவனைப் பற்றிக் கவலைப்படாதே. தட்டும் சத்தம் பட்டறை முழுக்கக் கேட்கும். அவனை என் கையில்தானே வளர்த்தேன்?

ஜெபத்தில் நினைக்கும்,
உன் கணவன்


பிப்ரவரி 27

என்னங்க,

இதைப் பக்கத்து வீட்டு அக்கா கையில் கொடுத்து அனுப்புகிறேன். நான் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாது.

முந்தாநாள் சின்னவனை நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். உங்கள் சட்டையெல்லாம் அவன் ரத்தம். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார், நீங்கள் வாய் திறக்கவில்லை. மோட்டார் கயிற்றிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது என்று கூட வந்தவர்கள்தான் சொன்னார்கள். என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அதிர்ச்சியில் இருக்கிறீர்கள், கொஞ்சம் தெளிந்ததும் வருவீர்கள் என்று நினைத்தேன். இன்னும் வரவில்லை.

கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப்போயிருக்கிறது. சீழ் வைக்க ஆரம்பித்துவிட்டது. எடுத்தாக வேண்டும், தாமதித்தால் ரத்தம் முழுக்கப் பரவும், உயிருக்கே ஆபத்து என்கிறார் டாக்டர். இவன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். நான் கெஞ்சிப் பார்த்தேன், அழுதேன், ஒரு அறைகூட வைத்தேன். ஒரே பதில்தான்: “மச்சான் வந்து வாயால பேசட்டும். அப்புறம் போடறேன்.”

அவனுக்கு உங்கள் தைரியம் வேண்டும் போலிருக்கிறது. சின்ன வயதில் ஊசி போடுவதற்குக்கூட நீங்கள் பக்கத்தில் நின்று சொன்னால்தானே கையை நீட்டுவான்? காய்ச்சல் அனலாகக் கொதிக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவனும் போய்விட்டால் எனக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. வாருங்கள். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் மனைவி


பிப்ரவரி 28, காலை

என் மனைவிக்கு,

சமாதானம் என்று எழுதக் கை வரவில்லை.

நீ கேட்காத ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். அன்றைக்குப் பக்கத்துக் கொட்டகையில் தகடு அடித்துக்கொண்டிருந்தார்கள். மோட்டாரைப் பாதி உயரத்துக்குத் தூக்கியிருந்தேன். கயிறு ஒரு பக்கம் நழுவுவதைப் பார்த்தேன். சின்னவன் கீழே குனிந்து அடுத்த கொக்கியை எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு தட்டு தட்டினேன். தகடு அடிக்கிற சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கத்த நேரம் இருந்தது. குரல் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, கம்பியை இன்னும் பலமாகத் தட்டினேன்.

பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். அது உண்மை இல்லை. இத்தனை நாள் காத்ததை இப்போது உடைக்கவா என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குள் விழுந்துவிட்டது.

இது சிட்சைதான். ஆனால் எதற்காக என்று புரியவில்லை. தரையில் விழுந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். என்னை வரச் சொல்லாதே. இன்றைக்கு நான் வாய் திறந்துவிட்டால், அவன் காலை எதற்காகக் கொடுத்தேன்? இன்றைக்கு உடைப்பதை அன்றைக்கே உடைத்திருக்கலாமே. அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியாது. நான் கடைசிவரை காத்தால்தான் அந்தக் காலுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

இங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிறேன். அவனுக்காகத்தான்.

உன் கணவன்


பிப்ரவரி 28, மாலை

சின்னவனின் மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். யாரோ ஒரு அம்மா வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

காலைக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் காலை யார் கொடுப்பது? தன்னைத்தானே வெறுக்கச் சொன்னார் ஆண்டவர், சரி. என் தம்பியை வெறுக்கச் சொன்னாரா? டீயை விட்டவர் தன்னுடைய டீயை விட்டார். நீங்கள் விட்ட குரல் உங்களுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. அதை நம்பித்தான் அவன் கீழே குனிந்தான். அதை நம்பித்தான் நான் அவனை உங்களோடு வேலைக்கு அனுப்பினேன்.

நீங்கள் தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் அவன் காய்ச்சல் இறங்கிவிடுமா? எனக்கு இப்போதுதான் புரிகிறது, பட்டினி கிடப்பது உங்களுக்குச் சுலபம். தரையில் படுப்பது சுலபம். இங்கே வந்து அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்பதுதான் உங்களால் முடியாதது. சுயத்தை ஒடுக்க வேண்டும் என்று இவ்வளவு ஆசை இருந்தால் அதைச் செய்து காட்டுங்கள். அவனுக்கு நேரமில்லை. நாளைக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் பார்த்தீர்கள் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீங்களும் சொல்லித் தொலைக்காதீர்கள். அவன் மனசு உடைந்துபோகும். தைரியமாக நாலு வார்த்தை பேசுங்கள், கையெழுத்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

என் கண்ணில் மட்டும் படாதீர்கள். நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. நாளை மத்தியானம் ரத்தம் ஏற்பாடு செய்யப் போகிறேன், அப்போது வாருங்கள்.

அவனுடைய அக்கா


மார்ச் 1

என் மனைவிக்கு,

நீ சொன்னபடி நீ இல்லாத நேரத்தில் வந்தேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கட்டில் பக்கத்தில் போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, அடையாளமே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும், வாங்க மச்சான் என்றான். எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னான்.

தைரியமாக இரு என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

“அன்னைக்குக் கயிறு நழுவினத நீங்க பாத்தீங்களா?”

சொல்லாதே என்று நீ எழுதியது ஞாபகம் இருந்தது. ஆனால் அவன் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். “பாத்தேன்” என்றேன். இத்தனை நாளுக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். குரல் கரகரத்து யாருடையதோ போல இருந்தது.

ஏன் கத்தவில்லை என்று கேட்டான். ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு உடைந்துவிடும் என்று நினைத்தேன் என்றேன்.

“அவரு கேட்டாரா மச்சான்?”

இல்லை என்றேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்ததை எல்லோரும் பார்த்தார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. அதையும் அவனிடம் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் அது எவ்வளவு அற்பம் என்று எனக்கே கேட்டது.

அவன் நர்ஸைக் கூப்பிட்டுத் தாளைக் கொண்டுவரச் சொன்னான். அவனே கையெழுத்துப் போட்டான். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே பேசினான். “நீங்க பாக்கலேன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அது தெரியாம கால எடுத்துட்டா, காலம் பூரா இதையே நினைச்சிட்டு இருப்பேன். இப்ப தெரிஞ்சிடுச்சு. நீங்க போங்க.”

திருத்தும், திருத்தும் என்று நான் கேட்டபோது அவர் எனக்கு ஏதோ பெரிதாகச் செய்வார், நான் தாங்கிக் காட்டுவேன் என்று நினைத்திருந்தேன். அவன் கேட்ட ஒரு கேள்விக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. இதுதான் சிட்சை என்றால் இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமே மிச்சமில்லை. பட்டறை முதலாளிக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் சொல்வேன்.

அவன் போகச் சொன்னான், ஆனால் நான் போகவில்லை. வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இதை நர்ஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீயும் போகச் சொன்னால் போய்விடுகிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தகுதியில்லாத,
உன் கணவன்


மார்ச் 3

என்னங்க,

முட்டிக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இன்னும் விடவில்லை. பிழைத்துவிடுவான் என்று டாக்டர் வாயால் இன்னும் வரவில்லை, பார்க்கலாம் என்கிறார். மயக்கம் தெளிந்ததும் போர்வைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தான். அப்புறம் அழுதான் பாருங்கள், எங்கள் அம்மா செத்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை. வெளியே உங்களுக்கும் கேட்டிருக்கும்.

உங்கள்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று பொய் எழுத மாட்டேன். வாசலைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் செருப்பைத்தான் பார்க்கிறேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் ஆண்டவரிடமும் கோபம்தான் வருகிறது. சொல்லாதீர்கள் என்று எழுதினேன், சொல்லிவிட்டீர்கள். அது சரியா தப்பா என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் அவன் கையெழுத்துப் போட்டான் என்பது மட்டும் தெரிகிறது.

கொஞ்சம் முன்னால் அவனிடம் கேட்டேன், மச்சான் வெளியேதான் உட்கார்ந்திருக்கார், உள்ளே வரச் சொல்லட்டுமா என்று. வேண்டாம் என்றான். அப்படியென்றால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடட்டுமா என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்து எழுந்தேன்.

“சாப்பிட்டாராக்கா?” என்றான்.

அதனால்தான் இந்தச் சாப்பாட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள். அவன் மறுபடியும் கேட்பான், நான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் மனைவி