வெள்ளைத் தட்டில் தவளைமீன்

2094 பிப்ரவரி 11, காலை 9:20
மன்னார் வளைகுடா, கடலடி நிலையம். பணியில் நான் ஒருத்தி, ரெஜினா. தொட்டி வெப்பம் சீர். உள்ளே ஆண் தவளைமீன் ஒன்று, கட்டைவிரல் அளவு. இந்தப் பவளத்திட்டில் இந்த இனத்தில் மிஞ்சியது இதுவும், இதன் விலாவில் ஒட்டியிருக்கும் முட்டைகளும்தான். நீந்தச் சோம்பேறி, துடுப்பை ஊன்றி நடக்கும். மஞ்சள் கடற்பஞ்சின் மேல் மஞ்சளாகவே உட்கார்ந்து நெற்றித் தூண்டிலை ஆட்டும். ஏமாந்து வந்த மீன் கண்ணிமைப்பதற்குள் வாய்க்குள். சரியான திருடன். எனக்குப் பிடித்துப்போனது.

பிப்ரவரி 14, காலை 9:45
தினமும் வெள்ளைத் தட்டில் வைத்துப் படமெடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்து வைத்துத் திரும்ப விடுவது பெரிய ரோதனை. பஞ்சை வெளியே எடுத்துவிட்டுத் தட்டையே தொட்டியில் போட்டுவிட்டேன். முட்டை உதிருமே என்ற கவலை என்று அறிக்கையில் எழுதினேன். பொய். சோம்பல்.

மார்ச் 6, மாலை 4:10
மேலே படகில் இருக்கும் மிக்கேல் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு வானொலியில் கேட்டார்: "ஏம்மா, ஒன் மாப்பிள்ள இப்படி வெளுத்துப் போயிருக்கான்?"
நோய் இல்லை. தட்டின் நிறத்துக்கு மாறியிருக்கிறது. மறுபடி மஞ்சளாக வாரக்கணக்கில் ஆகும். முட்டைகளில் கண்கள் தெரிகின்றன. பொரிய இன்னும் சில நாள். பஞ்சைத் திரும்ப வைத்தேன். என்ன பிரயோசனம்?

மார்ச் 8, முற்பகல் 11:05
மின்கலம் செத்துக்கொண்டிருக்கிறது. தொட்டிக் குளிரூட்டி நின்றுவிட்டது. என் காற்றுச் சுத்திகரிப்பானும் திணறுகிறது. மீனை மேலே கொண்டுபோக முடியாது; மேல்நீர்ச் சூட்டில் வெந்துவிடும். வெளியே விடுவது ஒன்றுதான் வழி. வெளியே எங்கு பார்த்தாலும் மஞ்சள் பஞ்சு.

பிற்பகல் 2:40
விட்டுவிட்டேன். நடந்துபோய்ப் பஞ்சில் உட்கார்ந்தது. மஞ்சள்பொடியில் விழுந்த அரிசி மாதிரி தெரிகிறது. சின்ன மீன்களை விழுங்கும் களவா மீன் ஒன்று திரும்பிப் பார்த்தது. சன்னலைத் தட்டினேன், விலகியது. நிறுத்தினால் வருகிறது. தட்டிக்கொண்டே இருக்கிறேன். தலை சுற்றுகிறது.
வானொலியில் மிக்கேல் அண்ணன்: "காத்து தீரப்போவுதும்மா. ஒன்ன மேல தூக்கிரட்டுமா, சொல்லு."
கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

2:58
கை ஓய்ந்துவிட்டது. களவா நெருங்குகிறது. தவளைமீன் ஓடவில்லை. யார் கண்ணுக்கும் தான் தெரியமாட்டோம் என்ற நம்பிக்கையில் அசையாமல் இருக்கிறது. நான்தான்...
அண்ணன் மறுபடி கேட்டார்.
"தூக்குங்கண்ணே" என்றேன்.